செல்விக்கு, டேட்டாபேஸ் டேபிள் பட்டியல் விஷயமாக

அன்புள்ள செல்வி,

உன் மெயிலுக்கு உடனே பதில் போட முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார், பிசியோதெரபிக்கு வரும் பெண்ணோடு தினமும் ஒரு சண்டை, மற்றபடி எல்லாரும் நலம். பையன் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவிக்கு லீவு. நீ வேலை மாறியது சந்தோஷம், ஆனால் சேர்ந்த கையோடு அந்தப் பழைய லாராவெல் (பிஎச்பி மொழியில் வெப் அப்ளிகேஷன் எழுதும் கட்டமைப்பு) அப்ளிகேஷனை உன் தலையில் கட்டிவிட்டார்களே!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக எந்தெந்த டேபிளில் வாடிக்கையாளர் விவரம் இருக்கிறது என்று பட்டியல் கேட்கிறார்கள், புரொடக்‌ஷன் டேட்டாபேஸைத் தொட உனக்கு அனுமதி இல்லை, கையில் இருப்பது கோட் மட்டும். டேபிள்களை உருவாக்கவும் மாற்றவும் எழுதி வைக்கும் மைக்ரேஷன் ஃபைல்களின் பெயரைப் பிரித்தாலே டேபிள் பெயர் கிடைத்துவிடாதா என்கிறாய். கிடைக்காதுடி. அந்தப் பெயரை வைத்து லாராவெலும் டேபிளை ஊகிக்கத்தான் செய்கிறது, ஆனால் மைக்ரேஷன் ஃபைலை உருவாக்கித் தரும்போது மட்டும். ஓட்டும்போது உள்ளே எழுதியிருப்பதுதான் கணக்கு. லாராவெல் 11-இல் புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்கிப் பார், ‘கிரியேட் யூசர்ஸ் டேபிள்’ என்ற ஒரே ஃபைலுக்குள் யூசர்ஸ், பாஸ்வேர்ட் ரீசெட் டோக்கன்ஸ், செஷன்ஸ் என்று மூன்று டேபிள் இருக்கும். அந்த செஷன்ஸில்தான் ஆளுடைய ஐபி முகவரியும் பிரவுசர் விவரமும் உட்கார்ந்திருக்கிறது, அதாவது உன் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியதே விட்டுப்போகும்.

அடுத்து எல்லாரும் கைவைப்பது ரீஜெக்ஸ், அதாவது எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடுவது. டேபிளை உருவாக்கும் ஸ்கீமா::கிரியேட் என்று வருமிடத்தில் மேற்கோளுக்குள் இருப்பதை எடுப்பது, முதல் ஓட்டத்துக்குப் பரவாயில்லை. மைக்ரேஷனில் வழக்கமாக மாற்றத்தைச் செய்ய ‘அப்’, அதைத் திருப்பி எடுக்க ‘டவுன்’ என்று இரண்டு மெத்தட் இருக்கும், சிக்கல் ‘டவுன்’ மெத்தடில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா ஃபைலிலும் கீழே டவுனுக்குள் டேபிளை நீக்கும் டிராப்-இஃப்-எக்ஸிஸ்ட்ஸ் இருக்கும், அது பின்வாங்குவதற்காக எழுதியது, சாதாரணமாக ஓடவே ஓடாது. உன் ஸ்கிரிப்ட் டிராப்பையும் கணக்கில் எடுத்தால் ஒரு டேபிள்கூட மிஞ்சாது. எடுக்காமல் விட்டால், எப்போதோ ‘அப்’ மெத்தடுக்குள்ளேயே நிஜமாக நீக்கிய டேபிள்கள் எல்லாம் உயிரோடு இருப்பதாகக் காட்டும். ஆக அப் எங்கே முடிகிறது, டவுன் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வரும் கோடில் ரீஜெக்ஸை வைத்து அதைக் கண்டுபிடிக்கப் பார்ப்பது தலைவலி. பிஎச்பி-பார்சர் லைப்ரரியைப் போட்டு கோடின் அமைப்பை மரமாகப் பிரித்துப் படிப்பது நல்லது, கமெண்டில் கிடக்கும் செத்த கோடும் அதில் தானாகக் கழிந்துவிடும்.

அதுவும் ஓரளவுக்குத்தான். பெயர் எப்போதும் மேற்கோளுக்குள் நேராக இருக்கும் என்று யார் சொன்னது? கன்ஃபிக் ஃபைலிலிருந்து வரலாம், மாடலைக் கேட்டு வாங்கலாம், லூப்புக்குள் வருஷத்தை ஒட்டி லாக்ஸ்_2019, லாக்ஸ்_2020 என்று உருவாக்கியிருக்கலாம், நடுவில் கனெக்‌ஷன் என்று போட்டு டேபிளை வேறொரு டேட்டாபேஸிலேயே வைத்திருக்கலாம். டேட்டாபேஸ் கன்ஃபிக்கில் எல்லா டேபிள் பெயருக்கும் முன்னால் ஒட்டும் ப்ரீஃபிக்ஸ் இருந்தால் கோடில் தெரியும் பெயர் உண்மைப் பெயரே இல்லை. வெளியிலிருந்து சேர்த்த பேக்கேஜ்கள் தங்கள் மைக்ரேஷனை, அவை இருக்கும் வெண்டர் ஃபோல்டரிலிருந்தே ஏற்றிக்கொள்ளும், உன் மைக்ரேஷன் ஃபோல்டரில் அதற்குத் தடயமே இருக்காது. ரூபி மொழியின் ரெயில்ஸ் கட்டமைப்பில் எழுதுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை குறைவு, கடைசி நிலை முழுவதும் ஸ்கீமா ஃபைலாக ரெப்போவிலேயே இருக்கும். லாராவெலிலும் யாராவது ஸ்கீமா டம்ப் (டேபிள்களின் அமைப்பு முழுவதும் ஒரே ஃபைலாக) எடுத்து வைத்திருக்கிறார்களா என்று டேட்டாபேஸ் ஃபோல்டருக்குள் முதலில் பார். எடுக்கும்போது ‘ப்ரூன்’ என்ற ஆப்ஷன் கொடுத்திருந்தால் பழைய மைக்ரேஷன்கள் அழிந்திருக்கும், அந்த டேபிள்கள் டம்பில் மட்டும்தான் இருக்கும்.

நான் செய்வது இதுதான்: காலி மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஒன்றை டாக்கரில் (மென்பொருளைத் தனிப்பெட்டிபோல் ஓட்டும் கருவி) எழுப்பி எல்லா மைக்ரேஷனையும் அதில் ஓட்டிவிட்டு, என்னென்ன டேபிள் வந்திருக்கிறது என்று டேட்டாபேஸ் தன் டேபிள் விவரங்களை வைத்திருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவைக் கேட்பேன். எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் வேண்டாம், பழைய கோடில் மைஎஸ்கியூஎல்லுக்கே உரிய கட்டளைகளை நேரடியாக எழுதியிருந்தால் அங்கேயே முட்டி நிற்கும். மைக்ரேஷனை ஓட்டும் கட்டளையில் ‘ப்ரிடெண்ட்’ கொடுத்தால் ஓட்டாமலே எஸ்கியூஎல்லைக் காட்டுமே என்பாய், ஆனால் அதில் டேட்டாவைக் கேட்கும் செலக்ட் எல்லாம் காலியாகத்தான் திரும்பும், டேட்டாவைப் படித்துப் படித்து டேபிள் உருவாக்கும் மைக்ரேஷன் ஒன்றும் செய்யாததுபோல் கடந்துபோய்விடும். காலி டேட்டாபேஸிலும் அது விடுபடும் என்பதால்தான் பார்சர் பட்டியலையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததை மட்டும் ஃபைலைத் திறந்து கண்ணால் பார்.

இத்தனைக்கும் பிறகு, யாரோ ராத்திரி அவசரத்தில் புரொடக்‌ஷனில் கையால் உருவாக்கிய ‘கஸ்டமர்ஸ்_பேக்கப்_நியூ’ எந்த மைக்ரேஷனிலும் இருக்காது. டேட்டாபேஸை நிர்வகிக்கும் டிபிஏவிடம் டேட்டா வேண்டாம், டேபிள் பெயர் மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று எழுத்தில் கேள், மேனேஜரையும் சிசியில் போடு. அதற்கு மறுக்கக் காரணம் கிடையாது.

பார்சர் ஸ்கிரிப்ட் என்னிடம் அரைகுறையாக ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா இல்லையா, அதை எழுத மறந்துவிட்டாய்.

அன்புடன்,
உமா