தறி அட்டையும் கம்ப்யூட்டரும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை நம் பள்ளியில் தொழில்நுட்ப வரலாற்றுக் கண்காட்சி நடக்கிறது. அதற்கு நெசவுத் தொழிலில் இருக்கும் உங்களிடமிருந்து ஒரு பொருள் வேண்டும். பரணிலோ தறிக்குப் பக்கத்திலோ பூவேலை நெய்யத் தறியில் மாட்டும், ஓட்டை போட்ட பழைய ஜக்கார்டு அட்டைகள் கிடந்தால் கொடுத்து அனுப்புங்கள். அழுக்காக இருந்தாலும், ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஓட்டைகள் தெரிந்தால் போதும்.

கம்ப்யூட்டர் கண்காட்சியில் தறி அட்டைக்கு என்ன வேலை என்று பிள்ளைகளே கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கும் பலரும் முதலில் போய் நிற்பது ஒரு தறியின் முன்னால்தான்.

பிரான்ஸில் லியோன் என்ற பட்டு நெசவு நகரத்தில் 1804-இல் ஜோசப் மாரி ஜக்கார்டு, இந்த அட்டைகளால் தறியை இயக்கும் தன் கருவியை உருவாக்கினார். அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி பாவு இழையை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழையை, தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், இழை கீழேயே நிற்கும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருக்கிறது, இல்லை என்ற இந்த இரண்டே நிலைகளை வைத்து எவ்வளவு சிக்கலான பூவேலையையும் எழுதிவைக்கலாம் என்பதுதான் இங்கே பெரிய விஷயம். 1839-இல் ஜக்கார்டின் உருவத்தையே அதே ஊரில் பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. ஓர் அட்டையைக் கோக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அறிந்த உங்களுக்குத்தான் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும்.

அந்தப் பட்டுப் படத்தின் ஒரு பிரதியை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர் வாங்கி வைத்திருந்தார். தான் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்குக் கட்டளைகளை இதே மாதிரி அட்டைகளில் கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். இயந்திரம் கட்டி முடிக்கப்படவே இல்லை. ஆனால் அதைப் பற்றி 1843-இல் விரிவான குறிப்புகள் வெளியிட்ட கணித அறிஞர் அடா லவ்லேஸ், ஜக்கார்டு தறி பூக்களையும் இலைகளையும் நெய்வதுபோல இது கணித வடிவங்களை நெய்யும் என்று எழுதினார். அப்புறம் 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹோலரித் என்ற கண்டுபிடிப்பாளர் ஓட்டை அட்டைகளைப் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு இணைந்து, பின்னாளில் ஐபிஎம் என்ற கம்ப்யூட்டர் நிறுவனம் ஆனது.

எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலை ஒவ்வொரு ஓட்டையாக நகர்த்தி, "இங்கே இழை எழும்பும், இங்கே எழும்பாது" என்று வரிசையாகச் சொன்னாள். வகுப்பில் கம்ப்யூட்டர் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவள் வீட்டில் கற்றது அது.

1969-இல் நிலவுக்குப் போன அப்போலோ 11 விண்கலத்தின் கணினியிலும் நெசவு உண்டு. அதன் நிரல்கள், அதாவது கணினிக்கான கட்டளைகள், கம்பிகளாகவே பின்னப்பட்டன. சின்னஞ்சிறு காந்த வளையத்துக்குள் கம்பி போனால் 1, வெளியே போனால் 0. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரில் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்து இதைக் கையால் செய்தார்கள். உங்கள் செல்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூட அந்த நினைவகம் போதாது. அதை வைத்துத்தான் நிலவில் இறங்கினார்கள்.

கண்காட்சியின் இன்னொரு சுவரில் இன்றைய செய்திகளும் அறிவியல் கதைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 2025 ஜனவரியில் இஸ்ரோ விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்களை இணைத்தது, ஜூனில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது, 2024-இன் இயற்பியல் நோபல் பரிசு இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான செயற்கை நரம்பு வலைப்பின்னல் ஆய்வுக்காக விஞ்ஞானிகள் ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் கிடைத்தது போன்றவற்றைப் பிள்ளைகள் வெட்டி ஒட்டுகிறார்கள். கதை என்றால் பொய்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். அறிவியல் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1945-இல் ஒரு கட்டுரை எழுதினார். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஒரு செயற்கைக்கோளை வைத்தால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், மூன்று இருந்தால் உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்றார். முதல் செயற்கைக்கோள் பறந்ததே 1957-இல்தான். அவர் சொன்ன இடத்தில் ஒன்று போய் நின்றது 1964-இல். நம் மொட்டை மாடி டிஷ் ஒரே திசையைப் பார்த்தபடி இருந்தும் படம் வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். கிளார்க் பிற்காலத்தில் இலங்கையில்தான் வாழ்ந்தார்.

ஆனால் பிள்ளைகள் கொண்டுவரும் 'செய்தி'களில் சில வாட்ஸ்அப்பில் வந்த வெறும் கற்பனை. அவற்றைத் திட்டி ஒதுக்கவில்லை, கதைப் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் அப்படி ஏதாவது வந்தால், யார் சொன்னது, எந்தத் தேதியில், வேறு எங்கே வந்திருக்கிறது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். ரோபோ பற்றிய வீடியோக்களுக்கு இது ரொம்பவே அவசியம்.

இன்னொரு வேண்டுகோள். பெற்றோர் தொழில் என்று கேட்கும் இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். எனக்கு அது வலிக்கிறது. அதனால் கண்காட்சி அன்று உங்களில் இரண்டு மூன்று பேர் வந்து, கட்டத்தாளில் வரைந்த டிசைன் எப்படி அட்டையில் ஓட்டையாகிறது என்று மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். மேடைப் பேச்சு எதுவும் வேண்டாம், கையில் அட்டையை வைத்துக்கொண்டு சொன்னால் போதும். ஒரு நாள் வேலை கெடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நேரத்தை நீங்களே சொல்லுங்கள், காலையோ மாலையோ அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அம்மாக்களும் அவசியம் வர வேண்டும். பல வீடுகளில் இழை சுற்றுவதிலிருந்து பாதி வேலை அவர்களுடையதுதான்.

அட்டைகளை இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் பென்சிலில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதுங்கள். கட்டாக இருந்தால் வரிசை கலையாமல் நூலோடு அப்படியே அனுப்புங்கள். கண்காட்சி முடிந்த திங்கட்கிழமை எல்லாம் திரும்பி வந்துவிடும், அதற்கு நான் பொறுப்பு.

அன்புடன்,
தலைமையாசிரியர்