மாவிட்டபுரத்து ஐயாவுக்கு

போன கிழமை மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலடியிலை எங்கடை பழைய வளவுக்கு வழி காட்டின ஐயா, பேர் கேக்க முதலே சைக்கிளிலை ஏறிப் போட்டியள். இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

1990இல் சண்டையாலை யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவும் தாத்தாவும் விட்டுட்டு வந்த வளவு அது. பிறகு கனகாலம் ஆமியின்ரை உயர் பாதுகாப்பு வலயம். காணி விடுபட்டும் அம்மாவுக்கு ஒழுங்கையே மட்டுப்படேல்லை. வேலியும் இல்லை, மதிலும் இல்லை. நீங்கள்தான் "ஆற்ரை வளவு பிள்ளை?" எண்டு கேட்டு, தாத்தாவின்ரை பேரைச் சொன்ன உடனை முன்னுக்கு நடந்தியள். அந்த வெயிலுக்கை கத்தியாலை பத்தையை வெட்டி வெட்டி! கிணத்துக்கட்டு தெரிஞ்சதும் அம்மா அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. துலா இல்லை. உடுப்புத் தோய்க்கிற கல்லு மட்டும் அதே இடத்திலை, நடுவிலை தேஞ்சு கிடந்தது. அம்மம்மா தோய்ச்சுத் தேஞ்சது.

விறாந்தை இருந்த இடத்தைக் கூட்டித் தந்ததும் நீங்கள். அதிலை வாழையிலை விரிச்சு, அம்மம்மாவுக்குப் பயித்தம் பணியாரமும் தாத்தாவுக்குச் சுருட்டும் படைச்சுக் கற்பூரம் கொளுத்தினம். தாத்தா உங்கடை வெங்காயத்துக்கும் தண்ணி மாறிவிட்ட கதையை என்ரை மகள் உங்கடை வாயாலைதான் முதன்முதல் கேட்டாள். அவரைப் பாத்தே இராத பிள்ளைக்கு அது பெரிய கொடுப்பினை.

காசும் வேண்டாம் எண்டிட்டியள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையிலை தீர்த்தமாடிப்போட்டு அந்த வளவிலைதான் சமைக்கப்போறம். கட்டாயம் வாங்கோ ஐயா, வீட்டாக்களையும் கூட்டிக்கொண்டு. ஐயாவைத் தெரிஞ்ச ஊராக்கள் ஆரும் இருந்தால் இதை வாசிச்சுக் காட்டிவிடுங்கோ.