தராசை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்: பழம்பொருள் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பழம்பொருள் வணிகர்களுக்கும், அவர்களிடம் வாங்கித் தம் விடுதிகளையும் திருமண மண்டபங்களையும் அலங்கரித்துக்கொள்ளும் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களுக்கு நீங்கள் சில ஆண்டுகளாக வந்துபோவது எங்களுக்குப் புதிதல்ல. எந்த வீட்டில் பெரியவர் காலமானார், எந்தச் சாளை வீட்டைப் பிரித்துத் தார்சு வீடு கட்டப்போகிறார்கள், எந்தத் தோட்டம் கைமாறுகிறது என்ற செய்திகள் உறவினருக்கு எட்டும் முன்பே உங்களுக்கு எட்டிவிடுகின்றன. வருகிறீர்கள், பரண்மேல் ஏறிப் பார்க்கிறீர்கள், விலை சொல்கிறீர்கள், ஏற்றிச் செல்கிறீர்கள். வாங்குவது உங்கள் தொழில். அதை நான் குறை சொல்ல வரவில்லை. வாங்கும் விதத்தைப் பற்றிப் பேசவே இதை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு ஒன்று சென்ற மாசியில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நடந்துவிட்டது.

அந்தத் தோட்டத்துப் பெரியம்மாவுக்குப் பெரியப்பா இறந்து கருமாதி முடிந்த வாரம் அது. மருத்துவமனைக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதி கடன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்; அன்று ஊரில் இல்லை. வந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "ஆத்தா, இதெல்லாம் கரையான் அரிச்ச விறகுதானுங்க, இடம் அடைச்சுக்கிட்டுக் கெடக்குது, நாங்க எடுத்துக்கிட்டா உங்களுக்குத்தான் வசதி" என்று சொல்லி, எருது பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தின் சால் என்ற இரும்பு வாளியையும் இரண்டு உருளைகளையும் ஒரு சோடி வண்டிச் சக்கரத்தையும் தானியம் அளக்கும் இரும்பு வள்ளத்தையும் கட்டுத்தரைக்கு முன்னால் இறக்கினார்கள். பிறகு தராசைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். இரும்பு பழைய இரும்பு விலைக்கு, மரம் விறகு விலைக்கு. சக்கரத்தின் நடுக்குடத்திலும் வெளிவட்டையிலும் பல காலத்து மண்ணும் மசகும் இறுகிப்போயிருந்தன. அதற்கென்று எடையில் தனியாகக் கழித்தார்கள். எல்லாமாகச் சேர்த்து 3,500 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். துண்டுச்சீட்டுகூடத் தரவில்லை.

அந்தப் பணம் கடனுக்குப் போதவில்லை. அடுத்த மாதம் பெரியம்மா கறவை மாட்டை விற்றார். சொசைட்டிக்குப் பால் ஊற்றி வந்த பணத்தில்தான் அவருக்கு மளிகையும் மாத்திரையும் நடந்துகொண்டிருந்தன என்பதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

சில மாதம் கழித்து, பொள்ளாச்சிப் பக்கத்து விடுதி ஒன்றில் நடந்த கல்யாண வரவேற்புக்கு அவர் மகன் போயிருக்கிறார். நுழைவாயிலில் ஒரு சாலைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, உள்ளே விளக்குப் பொருத்தியிருந்தார்கள். அதன் வயிற்றில் சதுரமாக ஒரு தகட்டு ஒட்டு. ஐந்து ஆணி அடித்து ஊர்க் கொல்லர் போட்ட ஒட்டு. சிறுவயதில் பரண்மேல் விளையாடும்போதெல்லாம் கையால் தடவிய ஒட்டை ஒருவர் மறப்பாரா? விடுதியில் விசாரித்துக்கொண்டு கடைக்குப் போனபோது, அந்தச் சக்கரச் சோடி வாசலிலேயே நின்றிருக்கிறது. விலை 24,000 ரூபாய். நூறாண்டுப் பழமை என்று அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். இறுகிய மண்ணையும் மசகையும் தொடாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அதுதான் அசல் என்பதற்கு அடையாளம் என்று கடைக்காரரே விளக்கம் சொன்னாராம்.

ஐயா, பெரியம்மாவின் வாசலில் எடையில் கழிக்கப்பட்ட அதே மண், உங்கள் வாசலில் விலையில் கூட்டப்பட்டிருக்கிறது. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

விலையை அறிந்தபோது பெரியம்மா சொன்னது இதுதான்: "முன்னாடியே சொல்லியிருந்தா மாட்ட வித்திருக்க மாட்டனே."

உங்கள் பக்கத்துச் செலவுகளை நான் அறியாதவன் அல்லன். லாரி வாடகை உண்டு, ஏற்றி இறக்கும் ஆட்கூலி உண்டு, செல்லரித்ததைத் திருத்தவும் ஒடிந்ததை மாற்றவும் தச்சருக்குக் கொடுப்பது உண்டு, கடை வாடகை உண்டு; வாங்கிய பொருள் ஆண்டுக்கணக்கில் விற்காமல் நின்றுவிடுவதும் உண்டு. பத்துப் பொருளில் இரண்டு விலைபோய் மற்ற எட்டைத் தாங்க வேண்டியிருக்கும். அதனால் கடையில் விற்கும் விலையையே எங்கள் வாசலில் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்பது ஒன்றே: பொருள் இன்னது என்று சொல்லி, விலை எப்படி வந்தது என்று விளக்கி, இரண்டையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள்.

ஒரு பழைய வேளாண் கருவிக்கு எதனால் மதிப்பு வருகிறது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். கவலை ஏற்றத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே பெரிய உருளையில் ஓடும் வடம் சாலைத் தூக்குகிறது. கீழே சிறிய உருளையில் ஓடும் வால்கயிறு, சாலின் அடியில் கட்டிய தோல் குழாயான தும்பியின் வாயைப் பிடித்திருக்கிறது. எருதுகள் சரிவில் இறங்கச் சால் மேலே வந்ததும் தும்பி தானாக வாய் திறந்து தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். எருதுகள் பின்னோக்கி மேடேறச் சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். இவை எல்லாம் சேர்ந்திருந்தால் அது ஒரு காலத்தின் நீர் இறைக்கும் எந்திரம். பிரித்துவிட்டால் ஓர் இரும்பு வாளியும் இரண்டு மரத்துண்டுகளும். கூட்டாக இருப்பதற்கு ஒரு விலை, எந்த மரம் என்பதற்கு ஒரு விலை, கயிறு ஓடித் தேய்ந்த தடத்துக்கு ஒரு விலை, எந்த ஊரில் யார் வீட்டில் இருந்தது என்ற விவரத்துக்கு ஒரு விலை. இத்தனையையும் கண்ணால் அளந்துவிட்டுத்தான் தராசைத் தொங்கவிடுகிறீர்கள். தராசு அளப்பது இவற்றில் எதையும் அல்ல.

அந்த வள்ளத்தின் விளிம்புக்குக் கீழே பெரியப்பாவின் அய்யனுடைய தலைப்பெழுத்துகள் உளியால் வெட்டப்பட்டிருந்தன. 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை வந்து வள்ளமும் படியும் மரக்காலும் சந்தையிலிருந்து மெல்ல விலகியபோதும், அந்த வீட்டில் ஆள்காரர்களுக்குக் கூலித் தானியம் அதில்தான் அளந்தார்கள். அந்த எழுத்துகளைத் தேய்த்துவிட்டு மெருகு பூசி விற்றிருந்தால், பொருளின் விலையையும் நீங்களே குறைத்துக்கொண்டீர்கள் என்றுதான் பொருள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, கடந்த காலத்தின் அறிவியலையோ கைவினையையோ வழக்கங்களையோ எடுத்துக்காட்டும் ஒரு பொருள் நூறாண்டுக்குக் குறையாத பழமை உடையதாக இருந்தால் அது தொல்பொருள்; அத்தகைய பொருள்களை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும்; தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. கடையில் தொங்கும் அட்டை உண்மையானால் அந்தச் சக்கரங்கள் இந்தச் சட்டத்துக்குள் வரவேண்டியவை. அட்டை உண்மையில்லையானால் வாங்குபவரை ஏமாற்றுகிறீர்கள். விற்கும் கிழவியிடம் விறகு, வாங்கும் விருந்தினரிடம் நூறாண்டு என்று ஒரே பொருளுக்கு இரண்டு வயது சொல்வதை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறேன்.

அரசும் இதில் கைகழுவிக்கொள்ள முடியாது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு, கோவை வட்டாரத்துக் கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் ஏறி, கவலை ஏற்றம் பரணுக்குப் போனது. நாங்கள் அதற்காக வருந்தவில்லை. எருதும் மனிதனும் பட்ட பாடு கொஞ்சமா? ஆனால் பவர் டில்லருக்கும் ரோட்டவேட்டருக்கும் மானியம் தருகிற துறைக்கு, அவை வந்து ஒதுக்கிய கலப்பையையும் பரம்புப் பலகையையும் சாலையும் ஊர்வாரியாகப் பட்டியலிட வேண்டும் என்று தோன்றவில்லை. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைப் பார்க்க உலகமே வருகிறது; உழுதவன் கையில் இருந்த மேழிக்கு எங்கள் வட்டத்தில் ஒரு அறைகூடக் கிடையாது. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கை நினைவுச்சின்னமாகப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். அதே வகைச் செக்கு ஊரில் யாருக்கும் விலை தெரியாமல் லாரியில் ஏறும்போது கேட்பதற்கு ஓர் அலுவலர் இல்லை. மதிப்புத் தெரிந்த ஒருவரை மாதம் ஒருமுறை வட்டாட்சியர் அலுவலகத்திலோ வேளாண் விரிவாக்க மையத்திலோ உட்காரவைத்தால்கூடப் போதும், பெரியம்மாவைப் போன்றவர்கள் ஒரு புகைப்படத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை என்பதால்தான் மடலை உங்களுக்கு எழுதுகிறேன். செட்டிநாட்டில் என்ன நடந்தது என்பதை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் வீடுவீடாக வெளியேறிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் குவிந்தன. இன்று அந்த ஊர்க்காரர்களுக்கு விலை தெரியும், பேரம் பேசத் தெரியும். எங்கள் பக்கத்தில் அந்தத் தெளிவு இன்னும் வரவில்லை. வருவதற்குள் வாரிக்கொண்டு போய்விட வேண்டும் என்ற அவசரம் உங்கள் வருகையில் தெரிகிறது.

நான் கேட்பது நடக்காத காரியமும் அல்ல. துக்க வீட்டில் கருமாதி முடிந்து ஒரு மாதமாவது போகட்டும். வயதானவர் தனியாக இருந்தால் பிள்ளைகளோடு பேசிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன விலையை ஒரு வாரம் மாற்றாமல் வைத்திருங்கள். முழு விலை போட்டு வாங்கக் கையில் முதல் இல்லையென்றால், விற்றுத் தருவதாக எடுத்துப் போய், விற்ற பிறகு உங்கள் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். நெல்லுக்கும் தேங்காய்க்கும் மண்டியில் நாங்கள் காலங்காலமாகப் பழகிய முறைதான் அது. எப்படி வாங்கினாலும் பொருளின் பெயர், அது இருந்த ஊர், கொடுத்த விலை, உங்கள் கையெழுத்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி விற்பவர் கையில் ஒன்று, உங்கள் கையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் தஞ்சை உழவர் வீடு, செட்டிநாட்டு வணிகர் வீடு என்று ஊரின் பெயரோடு வீடுகள் நிற்பதனால்தான் பார்ப்பவர் நின்று பார்க்கிறார். ஊர்ப்பெயர் தெரிந்த சாலுக்கு, பெயர் தெரியாத சாலைவிட நல்ல விலை உங்களுக்கும் கிடைக்கும்.

விடுதி உரிமையாளர்களே, உங்களிடமும் இதையே வேண்டுகிறேன். கிராமத்து மரபைக் காட்டித்தான் உங்கள் அறைக்கு வாடகை வாங்குகிறீர்கள். அடுத்த முறை ஒரு சக்கரத்துக்கோ பத்தாயத்துக்கோ பணம் கொடுக்கும் முன், இதை விற்றவருக்குக் கொடுத்த சீட்டு எங்கே என்று வணிகரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். சீட்டு இல்லாத பொருளை நீங்கள் வாங்குவதில்லை என்று தெரிந்துவிட்டால், எங்கள் வாசலில் தராசு தொங்காது. சாலில் விளக்கு மாட்டுவது உங்கள் விருப்பம். அது எந்தக் கிணற்றில் நீர் இறைத்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவைப்பது கடமை என்று நினைக்கிறேன்.

கோபத்தில் கடுமையான சொல் எதுவும் விழுந்திருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பதில் மட்டும் மாற்றமில்லை. பொருள் இன்னது என்று சொல்லுங்கள், விலையை விளக்குங்கள், எழுதிக் கொடுத்து வாங்குங்கள்.

மாசியில் வந்த வணிகருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தாங்கள் யார் என்பதை நான் எங்கும் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. சக்கரம் இன்னும் விற்காமல் இருந்தால் அதைக் கொடுத்த விலைக்கே திருப்பித் தரலாம். விற்றிருந்தால் உங்கள் செலவும் நியாயமான இலாபமும் போக மீதியில் ஒரு பங்கைப் பெரியம்மாவிடம் சேர்க்கலாம். ஒரு கறவை மாட்டின் விலையில் பாதியாவது அது வரும் என்று நம்புகிறேன். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்து வந்துவிடுவார். அவர் இருக்கும்போது வந்து பேசினால் நல்லது.

தங்கள் அன்புள்ள,
காங்கேயம் வட்டத்து விவசாயி ஒருவன்