அந்த அரை நொடியை விட்டுவையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டாம் அண்ட் ஜெர்ரியின் பழைய தியேட்டர் படங்களைச் சில சேனல்கள் அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிப் போடுகின்றன. அசல் படத்தின் அகலமும் உயரமும் ஏறத்தாழ 4-க்கு 3. அதை 16-க்கு 9 ஆக்கினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். நெட்டைப் பூனையும் தரையோடு ஓடும் எலியும் மோதும் படத்தில், கத்தரி விழுவது பூனையின் தலையிலும் எலியின் மேலும்தான். வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்தால் டாம் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும்.

இதைவிடப் பெரிய கொடுமை, இசைக்கு மேல் வர்ணனை ஏற்றுவது. 1946-ம் ஆண்டுக்கான ஆஸ்கர் வென்ற ‘தி கேட் கான்செர்ட்டோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் ‘ஹங்கேரியன் ராப்சடி எண் 2’ என்ற பியானோ இசையை டாம் வாசிக்கிறது. பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி எழுந்துவிடுகிறது. கட்டைகள் இருந்த இடத்தில் ஜெர்ரி எலிப்பொறியை வைத்ததும், டாமின் விரல் பொறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி விழும். எந்தச் சுரத்தில் மாட்டப்போகிறது என்ற பதைப்பை நமக்குத் தருவது அந்த வாசிப்பு ஒன்றுதான். அங்கே ஒரு குரல் “ஐயோ, மாட்டப்போறான்!” என்று முந்திக்கொண்டால் சிரிப்பு செத்துவிடும்.

இப்படித் துரத்தி மோதும் ஜோடிகளின் அடிதடி நகைச்சுவை முழுக்கக் கணக்கு. நொடிக்கு 24 ஃபிரேம். சாதாரண அசைவில் வரைந்த ஒரு படம் இரண்டு ஃபிரேமுக்கு நிற்கும். பாய்ச்சலில் ஃபிரேமுக்கு ஒரு படம். ரோட் ரன்னர் கார்ட்டூன் படங்களை இயக்கிய சக் ஜோன்ஸ், அந்தப் பறவையைத் துரத்தும் கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு மலையுச்சியிலிருந்து விழுந்து கண்ணுக்கு மறைய 18 ஃபிரேம், அதன்பின் தரையில் மோதும்வரை 14 ஃபிரேம் என்று எண்ணி வைத்தவர். அந்த 14 அரை நொடிக்குச் சற்றே மேல். சிரிப்பு பிறப்பது அதற்குள்தான்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கும் ஒன்று. டிவியின் மோஷன் ஸ்மூத்திங் வசதி, இரண்டு படங்களுக்கு நடுவே தானாக ஒன்றைச் செருகி, ‘டக்’கென்று நிற்க வேண்டிய அடியை வழவழவென்று பூசி மெழுகிவிடும். பிக்சர் செட்டிங்ஸில் அதை அணைத்துவிடுங்கள். படம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தால் திரை அளவை 4:3-க்கு மாற்றுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவது இயல்புதான். பழுதென்று நினைத்து ‘ஜூம்’ போட்டுவிடாதீர்கள்.

சேனல்கள் இந்தப் படங்களை அசல் அளவில், அசல் ஒலியோடு ஒளிபரப்ப வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்