கை புறப்படும் இடமும் சேரும் இடமும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பிறவியிலேயே காது கேளாத என் தம்பி, திருகோணமலை டச்சுக்குடாக் கரையில் வலை தைத்துப் பிழைப்பவன். சம்மாட்டி (மீன்பிடிப் படகு, வலைகளின் முதலாளி) ஒருவருக்குக் கடனாகக் கொடுத்த 15,000 ரூபாய் திரும்பி வராததால் அண்மையில் முறைப்பாடு செய்யப் போனான். நான் போய்ச் சேர்வதற்குள், அவனே அந்தப் பணத்தை வாங்கியதாக எழுதிவிட்டார்கள். எழுதியவர் அக்கறையோடுதான் விசாரித்தார். சைகைச் சொற்களின் படத்தாள் ஒன்றும் அவர் மேசையில் இருந்தது. பிழை அந்தத் தாளில்தான்.

அதில் ‘கொடு’ என்பதற்கு அசையாத ஒரு கை மட்டுமே வரையப்பட்டுள்ளது. பெரும்பாலான சைகை மொழிகளில் கொடு, சொல், உதவு, அனுப்பு போன்ற வினைகளுக்குத் திசை உண்டு. கை புறப்படும் இடம் செய்பவரையும், சேரும் இடம் பெறுபவரையும் காட்டும். எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுவதானால், முதலில் ஓரிடத்தைச் சுட்டி அவருக்கென ஒதுக்குவார்கள். அந்தப் பேச்சு முடியும்வரை அந்த வெற்றிடமே அவர். தம்பி தன் வலப்பக்கத்தைச் சம்மாட்டிக்கு ஒதுக்கிவிட்டு, நோட்டைப் பிடித்தாற்போல் விரல்களைக் குவித்து, நெஞ்சருகிலிருந்து அங்கே நீட்டினான். ‘நான் அவருக்குக் கொடுத்தேன்’ என்பது முழுவதும் அந்த ஓரசைவில் அடங்கிவிட்டது. நமது ‘கொடுத்தேன்’ கொடுத்தவரை மட்டுமே காட்டும். வாங்கியவரைக் காட்டத் தனியே ‘கு’ உருபு வேண்டும்.

வினைக்குள் திசையை வைப்பது தமிழுக்கும் புதிதன்று. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. அப்படியிருக்க, சைகை மொழியை இலக்கணமற்ற அபிநயம் என்று நம்மவர் சொல்லக் கேட்கையில் மனம் நோகிறது.

எல்லா வினைகளும் இப்படி நகர்வதில்லை. விரும்பு, நினை போன்றவை பெரும்பாலும் உடலை ஒட்டியே நிற்கும். ‘அழை’ என்பதோ பல சைகை மொழிகளில் எதிர்த்திசையில், அழைக்கப்படுபவரிடமிருந்து அழைப்பவரை நோக்கி வரும். அசையாத படத்தைப் பார்த்து இதை யாரால் ஊகிக்க முடியும்?

ஆகவே இத்தாள்களை அச்சிடுவோர், நகரும் வினைகளுக்கு ‘நான் உனக்கு’, ‘நீ எனக்கு’, ‘அவர் எனக்கு’ என அம்புக்குறியோடு மூன்று படங்களாவது தந்து, காது கேளாதவர்களிடமே காட்டிச் சரிபார்க்க வேண்டும். இலங்கை 2016இல் உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 21ஆவது உறுப்புரை, உத்தியோகபூர்வ அலுவல்களில் சைகை மொழியை ஏற்று இடமளிக்குமாறு கோருகிறது. தாள்கள் திருந்தும்வரை, முறைப்பாடு எழுதுவோர் கையொப்பம் வாங்குமுன் அந்த இரண்டு இடங்களையும் சுட்டி, யார் யாருக்குக் கொடுத்தார் என்று ஒருமுறை கேட்டாலே போதும். தம்பியின் முறைப்பாட்டைத் திருத்தி எழுதுவிக்க எங்களுக்கு அரை நாள் பிடித்தது.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
திருகோணமலை.