ஆண்டறிக்கை 2024–25: ஏற்காடு சிறு காப்பித் தோட்டக்காரர்கள் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன வருஷம் நம்மைப் படுத்தி எடுத்தது வானிலைதான். 2024 ஏப்ரலில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியபோது, மேலே இருந்த நமக்கும் அனல் தட்டியது. பூமழை ஓர் அங்குலமாவது சேர்ந்தாற்போல் பெய்தால்தான் காப்பி மொட்டு ஒரே நாளில் வெள்ளை வெளேரென்று விரியும். தூறலோடு நின்றால் பாதி விரிந்து சுருங்கிவிடும். நம்மில் பலருக்குப் பூ தவணை முறையில்தான் வந்தது. பழமும் அப்படியே பழுத்ததால், ஒரே செடிக்குத் திரும்பத் திரும்பப் பறிப்புக் கூலி கொடுத்தோம்.

அப்புறம் டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்தது. களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி, உள்ளே மெல்லிய ஓட்டோடு காயப்போடும் காப்பிக்கொட்டை) புளித்த வாடை அடித்தது. அள்ளினால் விரலில் பிசுபிசுத்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவி பிடிக்கும். பிடித்ததைக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. பிரேசில் வறட்சியால் காப்பி விலை உச்சத்துக்குப் போனது உண்மைதான். சரக்கு கெட்டவருக்கு அதனால் என்ன லாபம்?

இதையொட்டி செயற்குழுவில், காற்று சூடேறுவதில் நம் பங்கு பற்றியும் பேச்சு வந்தது. பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தின் கழிவுநீர்க் குழியில் கம்பை விட்டுக் கிளறினால் குமிழ் குமிழாக வருகிறதே, அதில் மீத்தேன் இருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. ஈரமண்ணில் அள்ளிப்போடும் யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. அது 273 மடங்கு.

"மேட்டூரில் நிலக்கரி எரியுது, கீழே வெள்ளைக்கல் சூளை எரியுது, என் குழிதான் கண்ணை உறுத்துதா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வெள்ளைக்கல்லை, அதாவது மாக்னசைட்டைச் சுட்டால் அதன் எடையில் பாதிக்குமேல் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது. எரிக்கும் எண்ணெயின் புகை தனி. அதற்கு முன் நம் குழி தூசு. ஆனால் யூரியாவுக்குக் காசு கொடுப்பது நாம்தானே? அந்தக் காசு காற்றில் போவதைத்தான் சொல்கிறேன். பழத்தோலைச் சாணத்தோடு குவித்து, அவ்வப்போது புரட்டி உரமாக்கும் வேலையைச் சில தோட்டங்களில் தொடங்கியிருக்கிறோம்.

நிழல் மரம் வெட்டுவதில் மட்டும் என் கருத்து கறாரானது. மர வியாபாரி சொல்லும் விலை ஆசை காட்டும். நிழல் குறைந்து தண்டில் வெயில் பட்டால், அராபிகா வகைக் காப்பிக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு வந்து சேரும். வெட்டுபவர்கள் பதிலுக்குக் கன்று நட்ட பிறகு வெட்டட்டும் என்ற தீர்மானம் விவாதத்துக்கு வருகிறது.

மண் பரிசோதனை முகாம், மழைமானி வாங்கியது ஆகியவற்றின் செலவு பொருளாளர் அறிக்கையில் உள்ளது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன் கட்டிவிட்டால் நல்லது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்