கொட்டகைக்குள் ஆடினாலும் அது ஹாக்கிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஹாக்கி என்றாலே பெரிய போட்டி, பதக்கம், அணித் தேர்வு இவைதான் வருகின்றன. வரட்டும், நானும் விடாமல் படிக்கிறேன். ஆனால் படிப்பு முடிந்ததும் மட்டையைப் பரணில் போட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் திரும்ப ஆட வருவதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஆளில்லை. காலியாகக் கிடக்கும் ஒரு தானியக் கொட்டகையும் எட்டுப் பத்து நண்பர்களும் போதும். நாங்கள் அப்படித்தான் ஆடுகிறோம்.

மைதானம் கிடைக்காதவர்கள் ஒப்புக்கு ஆடுவது என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. உள்ளரங்க ஹாக்கி 1950களில் ஜெர்மனியில் வளர்ந்த ஆட்டம், 2003இல் லைப்சிக் நகரில் அதற்கு உலகக் கோப்பையே நடந்தது. வெளி மைதானம் 91.4 மீட்டர் நீளம் என்றால் உள்ளரங்கத்துக்கு 36 முதல் 44 மீட்டர் வரைதான், அகலம் 18 முதல் 22. கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். கொட்டகை அதைவிடச் சின்னது என்றால் பக்கத்துக்கு நான்கு பேர் போதும், கோல்கீப்பர் வேண்டாம், கோலையும் குறுக்கிவிடலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒரு விதியைப் பற்றி. உள்ளரங்கத்தில் மட்டையை ஓங்கிப் பந்தை அடிக்கவே கூடாது, தள்ளத்தான் வேண்டும். கோலை நோக்கித் தள்ளும்போது தவிர மற்ற நேரத்தில் பந்து தரையை விட்டு எழும்பவும் கூடாது. இந்த ஒரு விதியால்தான் நாலு சுவருக்குள் எல்லா வயதினரும் பயமில்லாமல் சேர்ந்து ஆட முடிகிறது, கை பலத்தை நம்பி ஆடியவர்கூட இங்கே வந்து குனிந்து, மட்டையைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, யார் எங்கே காலியாக நிற்கிறார் என்று பார்த்துப் பார்த்து ஆட வேண்டியிருக்கிறது. நாங்கள் கோலுக்குக்கூடப் பந்தைத் தூக்குவதில்லை. முழு ஹெல்மெட் போட்ட கோல்கீப்பர் இல்லாத இடத்தில் அதுதான் சரி.

அப்புறம் பக்கப் பலகை. முறையான ஆடுகளத்தில் நீளவாட்டில் இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகை இருக்கும், பந்து அதில் பட்டுத் திரும்பி வரும். கொட்டகையில் பழைய மரச்சட்டங்களைச் சுவரோரம் வரிசையாகக் கிடத்தினால் போதும், எதிராளி முன்னால் நிற்கும்போது பந்தைச் சட்டத்தில் சாய்வாகத் தள்ளிவிட்டு அவருக்கு அந்தப் பக்கமாக ஓடிப்போய் நாமே எடுத்துக்கொள்ளலாம், அந்தச் சுகத்தை வெளி மைதானம் தராது!

பாதுகாப்பில் மட்டும் அலட்சியம் கூடாது. வைக்கோல் தூசியும் பூஞ்சையும் நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் முந்தின நாளே லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிட வேண்டும். ஆடும் நேரத்தில் தெளித்தால் வழுக்கும். தூண்களில் பழைய மெத்தையையோ சாக்கையோ தலை உயரத்துக்குச் சுற்றிக் கட்டுங்கள். முழங்காலுக்குக் கீழே காப்பு கட்டாதவரை உள்ளே விடாதீர்கள், அவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி. ஹாக்கிப் பந்து 156 கிராமுக்குக் குறையாது, கல் மாதிரி இருக்கும். தரை மேடுபள்ளமாக இருந்தால் அது எங்கே துள்ளும் என்றே சொல்ல முடியாது, அங்கே ஃப்ளோர்பால் ஆட்டத்துக்கு உரிய துளை போட்ட பிளாஸ்டிக் பந்துதான் நல்லது. அது வெறும் 23 கிராம்.

நடுவர் இல்லாமல் ஆடுவதால் சண்டை வராதா என்று கேட்கிறார்கள். வரும். பந்து காலில் படுவது தவறு என்பதால், பட்டதா இல்லையா என்பதில்தான் பெரும்பாலும் வரும். பட்டவரே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு, இதுவரை அது நன்றாகவே நடக்கிறது. எதிராளியின் காலையோ கையையோ குறிபார்த்து வேகமாகப் பந்தைத் தள்ளுவதும் தவறுதான், ஆனால் அப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி, உள்ளரங்க ஹாக்கியின் விதிகளை ஆடுகளப் படத்தோடு எளிய தமிழில் போடுங்கள். புதிதாக ஆட வருபவர்களிடம் கொடுக்க எங்களுக்கு அப்படி ஒன்று அவசரமாகத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்